கிழக்கே ஒரு பள்ளி, ஒரு பூங்கா

டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின் 1920-இல் சிறிய ஊர். மக்கள்தொகை 34,876. பத்தாண்டுகளில் அது 53,120 ஆனது. வளர்ச்சியை ஒழுங்குபடுத்த 1927-இல் டல்லஸ் நகரின் கோச் அண்ட் ஃபௌலர் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனத்தை நகரம் அமர்த்தியது. சொந்தமாகத் திட்டமிடுநர் இல்லாத ஊர்கள் இப்படித்தான் செய்யும்.

1928-இல் அறிக்கை வந்தது. பெரும்பகுதி சாலை, பூங்கா, பள்ளி பற்றியது. ஷோல், வாலர் ஓடைகளின் கரைகளைப் பூங்காக்களாக்கச் சொன்னது நல்ல யோசனை. நடுவே சில வரிகள் 'இனப் பிரிவினைச் சிக்கல்' பற்றி.

கறுப்பினத்தவர் இந்தத் தெருவில் வாழக் கூடாது என்று ஒரு நகரம் விதி செய்ய முடியாது. லூயிவில் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இலேயே அப்படித் தீர்ப்பளித்திருந்தது. 1927-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் விதியும் செல்லாமல் போனது. எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் ஆலை என்று வகுப்பது மண்டலப்படுத்தல். அதைக் கொண்டு சட்டப்படி இனங்களைப் பிரிக்க வழியில்லை என்று ஆலோசகர்களே எழுதினார்கள். அடுத்து, வேறு வழி ஒன்றை எழுதினார்கள்.

ஈஸ்ட் அவென்யூ என்ற சாலைக்குக் கிழக்கே ஒரு வட்டாரத்தைக் குறித்தார்கள். கறுப்பினத்தவருக்கான வசதிகளையெல்லாம் அங்கே அமைத்தால், அந்த ஈர்ப்பில் மக்கள் அங்கே வருவார்கள். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று பள்ளியையும் பூங்காவையும் இரட்டிப்பாக நடத்த வேண்டியிராது. யாரையும் வெளியேற்றும் பேச்சே அறிக்கையில் இல்லை.

ஆலோசகர் பரிந்துரைக்கத்தான் முடியும். அந்த வரிகளை நகர்மன்றம் நீக்கியிருக்கலாம். நீக்காமல் திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டு மே மாதம் 42.5 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். பணமும் கிடைத்துவிட்டது.

அதுவரை கறுப்பினக் குடும்பங்கள் ஊரின் பல பகுதிகளில் இருந்தன. அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்றவர்கள் குடியேறிய வீட்வில், கிளார்க்ஸ்வில் இரண்டும் ஊரின் மேற்கே. 1932-இல் வீட்வில் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியவர்கள் கிழக்கே போனார்கள். 1933-இல் நகரின் பழைய நூலகக் கட்டடமும் கறுப்பின வாசகர்களுக்காகக் கிழக்கே நகர்த்தப்பட்டது. கிளார்க்ஸ்வில்லை விட்டுப் போகாதவர்களின் தெருக்களுக்குத் தார் 1970-களில்தான் வந்தது.

1930-களில் கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்குக் கடன் அபாய வரைபடம் வரைந்தது. கிழக்கு ஆஸ்டினில் கறுப்பினத்தவரின் வட்டாரம் சிவப்பில் வந்தது. சிவப்பு என்றால் அபாயம். அங்கே கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாத தெருவில் வீடு பழுதுபார்க்கப்படுவதில்லை. கட்டியவர் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் சொத்தும் வளர்வதில்லை.

ஆலைகளுக்கான நிலமும் கிழக்கே ஒதுக்கப்பட்டது. 52 ஏக்கரில் எண்ணெய் நிறுவனங்களின் எரிபொருள் தொட்டிகள் வந்தன. வீடுகளை ஒட்டியிருந்த அந்த இடத்தில் நிலத்தடி நீர் மாசுபட்டிருந்தது 1990-களின் தொடக்கத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. குடியிருப்புக்குள் 1960-இல் தொடங்கிய ஹாலி மின்நிலையம் 2007 வரை ஓடியது. 1962-இல் ஈஸ்ட் அவென்யூ 35-ஆம் எண் நெடுஞ்சாலையானது. ஆலோசகர்கள் தாளில் எல்லையாகக் கொண்ட சாலை, நடந்து கடக்கக் கடினமான கான்கிரீட் ஆயிற்று.

பிறகு நகரம் பெருத்தது. மையத்துக்கு அருகில் மலிவான நிலம் கிழக்கில்தான் இருந்தது. வாங்க ஆட்கள் வந்தார்கள். விலை ஏறியது, விலையோடு சொத்து வரி, வாடகை. 2000-க்கும் 2010-க்கும் இடையே ஆஸ்டினின் மக்கள்தொகை 20.4 சதவீதம் கூடியது. கறுப்பின மக்கள்தொகை 5.4 சதவீதம் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் மிக வேகமாக வளர்ந்த பத்துப் பெரிய அமெரிக்க நகரங்களில் இப்படி நடந்தது ஆஸ்டினில் மட்டுமே. ஃப்ளூகர்வில், மேனர் போன்ற வெளியூர்களுக்குப் பலர் போனார்கள். இம்முறையும் யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.