கப்பலில் நாலு ராத்திரி: கூட வந்த பெண்கள் சொன்ன யோசனைகள்

"கப்பல்லயா? கைக்குழந்தையை வெச்சுக்கிட்டா? தலை சுத்துமே! சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

உல்லாசக் கப்பலில் போகிறோம் என்று சொன்னதுமே அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்விகள் இவைதான். கேட்டவர்கள் யாரும் கப்பலில் போனதில்லை. எனக்கும் இதுதான் முதல் தடவை. அதனால் கப்பலில் ஏறிய முதல் நாளிலிருந்தே, பழக்கப்பட்ட பெண்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக் கொண்டேன். சாயங்காலக் காபி வேளையில் மேல்தளத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். அங்கே கிடைத்தவைதான் இந்த யோசனைகள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்விட்டு மறுபடி சிங்கப்பூர். மொத்தம் நாலு ராத்திரி. நானும் கணவரும், ஏழு வயது மகள், இரண்டு வயது மகன், மாமியார் என ஐந்து பேர். எல்லோர் பேச்சையும் கேட்ட பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கப்பலில் ஓய்வு காத்துக் கொண்டிருக்கிறது. ஆனால் வீட்டிலேயே யோசித்து ஏற்பாடு செய்துகொண்டு வருகிற தாய்க்குத்தான் அது கிடைக்கிறது.

டிக்கெட் வாங்கும் முன்பே

சிங்கப்பூர் கப்பல் முனையத்தில் எங்களுக்கு முன்னால் மதுரைப் பக்கத்து இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அந்தப் பெண் 25 வாரக் கர்ப்பிணி. டாக்டர் சர்டிபிகேட் கையிலிருந்தும் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அநேகமாக எல்லாக் கப்பல் கம்பெனிகளிலும், பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தைத் தொட்டுவிடும் கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை என்று ஒரு விதி இருக்கிறது. நடுக்கடலில் பிரசவ வலி கண்டால் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி கப்பலில் கிடையாது என்பதே காரணம். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இதைச் சொல்லவேயில்லையாம். அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து அழுததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கைக்குழந்தைக்கும் வயது வரம்பு உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். நீண்ட கடற்பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள். விசா விஷயத்திலும் கவனம் வேண்டும். கப்பல் பினாங்கு போய்த் திரும்பினால், சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைவதாகக் கணக்கு. ஒரே ஒரு முறை நுழைய அனுமதிக்கும் விசா போதாது.

பெட்டியில் எது, கைப்பையில் எது?

"பெட்டியைக் கீழேயே வாங்கிக்குவாங்கக்கா. ரூமுக்கு வந்து சேர மூணு நாலு மணி நேரம்கூட ஆகும். குழந்தைக்கு மாத்து டிரஸ், மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையிலதான் இருக்கணும்." இது ஆறு முறை கப்பலில் போய்வந்த சிங்கப்பூர்ச் சகோதரி ஒருவர் சொன்னது.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மின்சார அடுப்பு எதையும் அறைக்குள் விடமாட்டார்கள். கப்பலில் தீ என்பது தண்ணீர் புகுவதைவிடப் பெரிய பயம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கெட்டில் கொண்டு வந்திருந்தார். அதை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். "அப்புறம் பார்த்தா, ரூம் பையன்கிட்டக் கேட்டா பிளாஸ்க் நிறைய வெந்நி கொண்டு வந்து வெச்சிடறானுங்க. இதைச் சுமந்துக்கிட்டு வந்ததுதான் மிச்சம்" என்று சிரித்தார்.

அறையின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். காந்தம் வைத்த கொக்கிகள் நாலு எடுத்துப் போனால் துண்டு, தொப்பி, பை எல்லாவற்றையும் மாட்டலாம். குளியலறையில் துணி உலர்த்த இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று அநேகமாக இருக்கும்.

எந்த அறை நல்லது?

இதில்தான் பெரிய வாக்குவாதமே நடந்தது! "ஜன்னல் இல்லாத உள் அறை போதும். தூங்கத்தானே போறோம், மிச்சக் காசுக்கு இன்னொரு தடவை வரலாம்" என்பது சிங்கப்பூர்ச் சகோதரியின் கட்சி. "அடைச்சுக் கெடந்தா எனக்கு மூச்சு முட்டும். பால்கனி இருந்தா கடலைப் பார்த்துக்கிட்டே பாப்பாவைத் தூங்க வைக்கலாம்" என்றார் கோவைப் பெண்.

இரண்டிலும் யோசிக்க வேண்டியது உண்டு. உள் அறையில் பகலா இரவா என்று தெரியாது; குழந்தையின் தூக்க நேரம் மாறிப் போகும். சின்ன ராத்திரி விளக்கு ஒன்று அவசியம். பால்கனி அறை என்றால் தவழும், ஏறும் வயதுக் குழந்தையை ஒரு நிமிஷமும் தனியே விடக்கூடாது. நாற்காலியைக் கம்பியோரம் போடாதீர்கள். "வேடிக்கை பாரு" என்று குழந்தையைக் கைப்பிடிக் கம்பிமேல் தூக்கி நிறுத்துவது கூடவே கூடாது. உட்கதவின் தாழ்ப்பாளை எப்போதும் போட்டே வைக்க வேண்டும்.

தலைசுற்றலுக்கு என்ன வழி?

நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உடம்பு ஆடுகிறது" என்று சொல்லும். கண்ணோ அசையாத அறைச் சுவரைப் பார்த்து "ஆடவில்லை" என்று சொல்லும். இந்த இரண்டு செய்தியும் முட்டிக்கொள்ளும்போதுதான் குமட்டல் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கும் இது அதிகம். இரண்டு வயதுக்குள் அபூர்வம்.

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. அறை எடுக்கும்போதே கேட்டு வாங்கலாம். குமட்டினால் மேல்தளத்துக்குப் போய்த் தூரத்தில் கடலும் வானமும் தொடும் கோட்டைப் பாருங்கள். அந்த நேரத்தில் புத்தகமும் போனும் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. உப்பு பிஸ்கட் நல்லது. என் மாமியார் கொண்டு வந்த இஞ்சி முரப்பா எங்கள் தளம் முழுக்கப் பிரபலம் ஆகிவிட்டது!

மாத்திரை என்றால் கப்பல் ஆடுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதிகப் பலன் இல்லை. இந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். இவற்றில் ப்ரோமெதசின் வகையை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

சுமத்ரா தீவு மறைத்துக் கொள்வதால் மலாக்கா நீரிணையில் அலை பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கிறது. புக்கெட் பக்கம் போகும்போதுதான் ஆட்டம் தெரியும். மே முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

சாப்பாடும் சோப்பும்

சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் ஊர்ப் பயணிகள் அதிகம் என்பதால் சைவ உணவுக்குக் குறைவில்லை. எங்கள் கப்பலில் தினமும் சாதம், பருப்பு, இரண்டு காய், சப்பாத்தி கிடைத்தன. காலையில் வைக்கிற தயிரில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டால் குழந்தைக்கு மத்தியானம் தயிர் சாதம் தயார். நம் கைப்பக்குவம் எதிர்பார்க்கக் கூடாது. சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. சீல் பிரிக்காத பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட்டுகளை எங்களிடம் யாரும் தடுக்கவில்லை. கப்பலிலிருந்து பழமோ பலகாரமோ எடுத்துக்கொண்டு கரையில் இறங்குவது மட்டும் தப்பு.

கப்பலில் வேகமாகப் பரவும் வயிற்றுப்போக்குக்கு முக்கியமான காரணம் நோரோ வைரஸ். கையில் தடவும் சானிடைசர் இதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் காப்பு. எல்லோரும் தொடுகிற பரிமாறும் கரண்டிகளைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

குழந்தைக்குப் போக்கு கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், கப்பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்தக் கட்டணம் மிக அதிகம். அதற்காகத்தான் பயணக் காப்பீடு.

குட்டிப் பயணிகள்

கழிப்பறைப் பழக்கம் வராத, நாப்கின் கட்டும் குழந்தைகளைப் பெரிய நீச்சல் குளத்தில் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. என் பையனுக்கு ஊதிப் பெரிதாக்கும் சின்னத் தொட்டி ஒன்று எடுத்துப் போயிருந்தேன். குளியலறையிலேயே அவனுக்கு ஆட்டம்! பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக் கூடத்தில் மூன்று வயதிலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லி வையுங்கள்.

அந்த அரை மணி நேரம்

கப்பல் கிளம்பும் முன் எல்லாப் பயணிகளுக்கும் ஆபத்துக்காலப் பயிற்சி உண்டு. ஏழு குட்டை ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். அதுதான் அபாயச் சங்கு. "இதெல்லாம் சும்மாங்க" என்று சிலர் நழுவப் பார்த்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கடலோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அப்போது பயிற்சியே ஆகியிருக்கவில்லை. கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்ததுதான். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து, அறையிலிருந்து ஒருமுறை நடந்து காட்டுங்கள். குழந்தைக்கான மிதவைச் சட்டையை முதல் நாளே கேட்டு வாங்கி அறையில் வையுங்கள்.

பர்ஸ், போன், கடிகாரம்

கப்பலில் ரொக்கம் செல்லாது. அறை அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறிவிடும். பணியாளர்களுக்கான இனாமும் தலைக்கு இவ்வளவு என்று தினமும் ஏறும். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். கடைசி ராத்திரி பில்லைப் பார்த்து மயங்கி விழாமல் தினமும் ஒருமுறை கணக்குக் கேளுங்கள். கரை மறைந்ததும் போனை விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பில் எகிறும்.

கடிகாரம் இன்னும் முக்கியம். புக்கெட்டில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையிறங்கியதும் போன் தானாக மாறிக்கொள்ளும். எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று கடைத்தெருவில் நின்ற ஒரு குடும்பம் கடைசிப் படகுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

பினாங்கில் இந்தக் கவலை இல்லை; சிங்கப்பூர் நேரம்தான். துறையிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போய், 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாழையிலையில் சாப்பிட்டு வந்தோம். மாமியாருக்குப் பரம திருப்தி.

செலவுக்குத் தகுமா?

கடைசிச் சாயங்காலம் இந்தக் கேள்வி வந்தது. "பாதிப் பணத்துல கேரளா போயிருக்கலாம்" என்றார் ஒருவர். "இருபத்திரண்டு வருஷத்துல நாலு நாள் சேர்ந்தாப்பல அடுப்பு மூஞ்சியில முழிக்காம இருந்தது இப்பத்தான்" என்றார் இன்னொருவர்.

பேத்தியோடு வந்திருந்த ஒரு பெரியம்மாவைக் கேட்டோம். 1962-ல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. "டெக்குல பாயை விரிச்சுப் படுத்தோம். எங்கம்மா தலை தூக்கவே இல்ல. அப்படியும் எங்க மூணு பேரையும் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தா, எங்க விழுந்துடுவோமோன்னு. அவ கடலைப் பார்த்திருப்பாளான்னே தெரியலம்மா. நீங்கல்லாம் நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அதற்கு மேல் யாரும் கணக்குப் பேசவில்லை.

போவதா வேண்டாமா என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. போவதென்று முடிவானால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலைகளைப் பிரித்துக் கொள்ளுங்கள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர், மத்தியானம் நீங்கள், சாயங்காலம் பாட்டி என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதனால்தான் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம், கையில் காபியோடு, எனக்கு மட்டும் என்று கடல் கிடைத்தது.