மூன்று எண்களில் ஒரு விண்மீன் மண்டலம்

1984இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின் கீழ் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி அனுப்பத் தொடங்கியது. போனவை பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ கணினிகள். மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனமும் அதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், அந்தக் கணினிக்காக ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டு வெளியானது. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல். சரக்கேற்றிக் கோள் கோளாய்ப் போய் வியாபாரம் செய்ய வேண்டும். மறிக்கும் கொள்ளையர்களை லேசரால் சுட வேண்டும். கப்பல்கள் வெறும் கோட்டோவியங்கள்தாம், ஆனால் முப்பரிமாணத்தில் திரும்பும், புரளும், துரத்தும்.

அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்துக்கே அது போதாது. அதிலும் ஒரு பெரும் பங்கு திரைக்கே போய்விடும். அப்படியிருக்க, விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 கோள்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசு, பொருளாதாரம். எங்கே வைத்தார்கள்?

எங்கும் வைக்கவில்லை. தேவைப்பட்டபோது கணக்குப் போட்டு உண்டாக்கினார்கள். இந்த விளையாட்டில் என்னை இன்றும் வியக்க வைப்பது சண்டையல்ல, இந்தக் கணக்குதான்.

முதல் மண்டலத்தின் விதை மூன்று எண்கள்: 23114, 584, 46931. மூன்றையும் கூட்டினால் 70629. 16 பிட் இடத்தில் 65535க்கு மேல் நிற்காது. 65536ஐக் கழித்தால் மிஞ்சுவது 5093. முதல் எண்ணை விட்டுவிட்டு இதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இப்படி நான்கு முறை செய்தால் அடுத்த கோளின் விதை கிடைக்கும். விதையின் பிட்டுகளே அரசையும் பொருளாதாரத்தையும் தீர்மானிக்கும். எழுத்து இணைகளின் பட்டியலிலிருந்து பெயரையும் பொறுக்கும். ‘லா’, ‘வே’ என்ற இரண்டு இணை சேர்ந்தால் ‘லாவே’. எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே கோள்தான் வரும், ஆகவே சேமிக்கத் தேவையே இல்லை.

அடுத்த மண்டலத்துக்கு, விதையின் ஒவ்வொரு பைட்டிலும் பிட்டுகளை ஓரிடம் சுழற்றினால் போதும். எட்டு முறை சுழற்றினால் பழைய எண்களே திரும்பிவிடும். எட்டு மண்டலங்கள் இருப்பது அதனால்தான். மூன்று எண்களும் சேர்ந்த 48 பிட்டில் சுமார் 281 லட்சம் கோடி விதைகளுக்கு இடமுண்டு. ஆனாலும் எட்டோடு நிறுத்தியது நல்ல முடிவு. அளவு மீறினால் எல்லாக் கோளும் ஒன்றுபோலவே தோன்றிவிடும்.

பிபிசி மைக்ரோவைத் தந்த ஏகார்ன் அடுத்து ஒரு சிப்பைத் தானே வடிவமைத்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதன் மாதிரியை பிபிசி பேசிக் மொழியில் எழுதிச் சோதித்தார்கள். முதல் சிப் 1985 ஏப்ரல் 26இல் இயங்கியது. ஆர்ம் என்ற அந்தக் குடும்பத்தின் வாரிசுகளே இன்றைய செல்போன்களின் மூளை. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் கைபேசிகள் உருவாயின. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டுகிறது. ஐபோனின் சிப்பும் ஆர்ம் வழியில் வந்ததே. ஷிஃப்ட் முடிந்து மறைமலை நகருக்கோ ஒரகடத்துக்கோ திரும்புகிறவர்களுக்கு இந்த வம்சாவளி தெரிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தாங்கள் பூட்டும் பொருளின் வரலாறு அவர்களுக்கும் உரியது.

ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் எலைட்டின் கோள் கணக்கைப் போனிலேயே, பைத்தானில் செய்து பார்க்கலாம். பெயர் உண்டாக்கும் பகுதியையும் எழுதிவிட்டால், முதல் கோள் ‘டிபெடீட்’ என்று வரும். எட்டாவது ‘லாவே’ என்று வந்தால் கூட்டல் சரி. ஆட்டம் தொடங்குவது அங்கேதான்.