பழைய மோட்டார் காரின் ஆசனங்களை வீட்டிலேயே புதுப்பித்தல்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்கு வரும் பிரயாணிகள் உடம்பு நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று, துவட்டியும் துவட்டாமலும் வந்து வண்டியில் ஏறுவது வழக்கமாக இருந்தது. பேரருவியிலிருந்து ஐந்தருவிக்கும், அங்கிருந்து பழைய குற்றாலத்திற்கும் ஈரத் துணியோடே போய் வருவார்கள். இதனால் அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் வண்டியின் ஆசனத்திற்குத்தான். எண்ணெயும் நீரும் தையல் துளைகளின் வழியே உள்ளிறங்கி, மேலுறையை விறைக்கச் செய்து, உள்ளிருக்கும் நாரை மக்கச் செய்து, அடியிலுள்ள கம்பிச் சுருள்களையும் துருப்பிடிக்கச் செய்கின்றன. இரண்டு மூன்று பருவங்கள் இவ்வாறு கழிந்தால் நல்ல வண்டியும் உட்காரத் தகாததாகிவிடும்.

தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் ஒரு காலத்தில் வாடகைக் கார் என்றாலே அம்பாஸடர் கார்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அமைப்பைத் தழுவி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வங்காளத்தில் உத்தர்பாராவிலுள்ள தொழிற்சாலையில் 1957 முதல் 2014 வரை இதனைச் செய்து வந்தார்கள். உற்பத்தி நின்றுவிட்டபோதிலும் வண்டிகள் மறைந்துவிடவில்லை. தந்தையார் ஓட்டிப் பிழைத்த வண்டி என்று விற்க மனமின்றி வைத்திருப்போர் உண்டு. திருமண ஊர்வலத்திற்கென்றே வைத்திருப்போரும் உண்டு. இத்தகையோர் ஆசனங்களைப் புதுப்பிக்க எண்ணுங்கால், குஷன் கடையில் கேட்கும் கூலி பலரை மலைக்கச் செய்கிறது. தையல் இயந்திரமும், பொறுமையும், வீட்டில் உதவிக்கு இன்னொருவரும் இருந்தால் இவ்வேலையை நாமே செய்துகொள்ளலாம். நெசவாளருக்கும் தென்னை வளர்ப்போருக்கும் இவ்வேலை அந்நியமானதன்று. ஆசனத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை தேங்காய் நாரும், பஞ்சும், சணலும், துணியுமே.

பழைய ஆசனத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அடியில் இரும்புச் சட்டமும் அதன்மேல் கம்பிச் சுருள்களும் இருக்கும். சுருள்களின் தலைப்பில் சணல் சாக்குத் துணி விரித்துக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு மேல் தேங்காய் நார் மெத்தை, நாருக்கு மேல் மெல்லிய பஞ்சுப் படலம், எல்லாவற்றிற்கும் மேல் ரெக்ஸின் உறை. சாக்குத் துணி அற்பமானதாகத் தோன்றும். ஆயினும் அது கிழிந்தால் சுருள்கள் நாரை அறுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். நம் ஆசனங்களில் பாதிக்கு மேல் கெடுவது இந்தச் சாக்குத் துணியைக் கவனியாமையால்தான் என்பது என் கருத்து.

வேலையைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, பங்குனி சித்திரை வெயிலில் வைத்துக்கொள்வது உத்தமம். பின் ஆசனத்தின் அடிமெத்தை பெரும்பாலும் முன்விளிம்பைத் தூக்கினால் வந்துவிடும். முன் ஆசனம் தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும்; துருவேறியிருந்தால் முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசனம் வெளியே வந்ததும் வண்டியின் தரையைப் பாருங்கள். ஈர ஆசனத்தின் அடியில் தகடு துருவேறி ஓட்டை விழுந்திருப்பது சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் மேலே புது ஆசனம் வைப்பது வீண் செலவு. எலி கூடு கட்டியிருந்தாலும் வியப்பதற்கில்லை. தேங்காய் நார் அதற்கு மிகவும் உகந்த இடம்.

உறையைக் கழற்றும்போது கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சட்டத்தோடு உறையைப் பிணைத்திருக்கும் சிறு கம்பி வளையங்களைக் குறடால் திறந்து எடுத்த பிறகு, ஒவ்வொரு தையலையும் பிளேடு முனையால் பிரிக்க வேண்டும். இந்தக் கந்தல் துண்டுகளே நமக்குக் கிடைக்கும் அளவுப் படிவங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எண் எழுதி, முன்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று அம்புக்குறி இட்டு, அடுத்த துண்டோடு சேர்ந்த இடத்தில் சிறு கோடும் போட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் இழுபட்ட துண்டு ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். இடத்துண்டையும் வலத்துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எது பிசகியது என்பது தெரியும். பிசகாததைக் கொண்டு கெட்டித்தாளில் புதுப் படிவம் வெட்டிக்கொள்ளலாம்.

கம்பிச் சுருள்களைக் கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, உலர்ந்த பின் வர்ணம் அடிக்க வேண்டும். ஒடிந்த சுருளைப் பற்றவைப்பது கூடாது. சுருள் எஃகு சூடேறினால் அதன் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்திற்கு அருகிலேயே மறுபடி ஒடியும், ஒடிந்த முனை மேல்நோக்கிக் கிளம்பவும் கூடும். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் வேறொரு ஆசனத்திலிருந்து சுருளை எடுத்து மாற்றுவதே முறை. பிறகு புதுச் சாக்குத் துணியை இரண்டு மடிப்பாக விரித்து, கோணியூசியால் சணல் கயிறு கோத்து ஒவ்வொரு சுருளோடும் பிணைத்துத் தைக்க வேண்டும்.

இனி நாரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். முற்றிய தேங்காய் மட்டையின் பழுப்பு நார் தடிப்பும் முறுக்கும் உடையது. அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும். இளமட்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்த வெண்ணாரோ மென்மையானது. கயிற்றுக்கும் பாய்க்கும் ஏற்றது, மெத்தைக்கு அத்துணை ஏற்றதன்று. பழுப்பு நாரை முறுக்கேற்றிச் சுருட்டி, ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றிப் பதப்படுத்தினால் ரப்பர் நார்த்தகடு கிடைக்கிறது. மோட்டார் ஆசனங்களில் நெடுங்காலம் இதுவே வழங்கிவந்தது; இன்றும் மெத்தைக் கடைகளில் விலைக்குக் கிடைக்கும். பழைய நார் மக்காமல் இருந்தால் அதையே கையால் உதிர்த்து, தூசி தட்டி, நல்ல வெயிலில் காயவைத்து மீண்டும் இடலாம். கையில் பொடியாக உதிர்ந்தால் தென்னை மரத்தடியில் போட்டுவிட வேண்டியதுதான்.

செயற்கைப் பஞ்சாகிய ஃபோம் எளிதில் வெட்டக்கூடியது, உட்கார மெத்தென்றிருப்பது என்பதனால் இக்காலத்தில் எல்லோரும் அதனையே நாடுகிறார்கள். வறண்ட ஊர்களில் அது தவறன்று. குற்றாலத்துச் சாரலில் அது நீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். ஈரமும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் சில ஆண்டுகளில் நைந்து பொடியாகும். நாருக்கு இடையே காற்று புகுந்து வெளியேறுவதால் அது விரைவில் உலரும். ஆகவே, கனமெல்லாம் நாராகவும், மேலே அரை அங்குல அளவு மட்டும் ஃபோமாகவும் வைப்பது நம் பகுதிக்குப் பொருந்தும். ஃபோமே வேண்டாம் என்போர் பருத்திப் பஞ்சுப் படலம் இடலாம். அது நாளடைவில் அமுங்கித் திட்டுத் திட்டாகச் சேரும், அவ்வளவே.

இலவம் பஞ்சைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சுக்கு நல்ல பெயர் உண்டு. அதன் இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுப் பூச்சு உடையதாகவும் இருப்பதால் நீர் ஒட்டாது; இக்குணம் பற்றியே முன்னாளில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதனை அடைத்தார்கள். எனினும் இழை எளிதில் ஒடியக்கூடியது. நாள் முழுதும் ஆள்கள் ஏறி இறங்கும் ஆசனத்தில் அது தூளாகிவிடும். தலையணைக்கும், முதுகுக்குச் செருகும் திண்டுக்கும் அதனை வைத்துக்கொள்ளலாம்.

மேலுறை எது என்பதே வீட்டில் அதிக விவாதத்திற்குரிய விஷயம். ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் கலவை பூசித் தோல் போல் அச்சிட்ட ஒரு சரக்கின் வாணிபப் பெயர். இன்று நாம் அப்பெயரால் வாங்குவது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதனை வளையச் செய்யும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருக்கிறார்கள். வெயிலில் அப்பொருள் மெல்ல வெளியேறுகிறது. நம் உடம்பின் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் படிந்தால் அவையும் அதனை உறிஞ்சி எடுத்துவிடும். பழைய ரெக்ஸின் ஓலை போல் விறைத்து வெடிப்பதற்குக் காரணம் இதுவே. அதன்மேல் எண்ணெய் தடவி மினுக்குவது பிணியை மருந்தென்று கொடுப்பதாகும். சவுக்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவது போதும்.

கைத்தறித் துணியால் உறை தைக்கலாமா? தைக்கலாம், ஆனால் எல்லாத் துணியும் ஆகாது. இரட்டை இழை முறுக்கு நூலில், ஊடையை நெருக்கி அடித்த கனத்த துணியாக இருக்க வேண்டும். நெருக்கம் குறைந்தால் உட்காரும்போது தையலருகே இழைகள் விலகி வாய் பிளக்கும். இதனை நெசவாளர் தம் கையாலேயே சோதிக்கலாம்: தையலிட்ட இரு துண்டுகளை இருபுறமும் பிடித்து வலுவாக இழுத்தால் இழை நகர்கிறதா என்பது தெரியும். பவானி ஜமக்காளம் போன்ற நெருக்கமான நெசவும், கரூரில் நெய்யப்படும் கனத்த திரைத் துணிகளும் ஏற்றவை. சாயம் வெயிலுக்கும் ஈரத்திற்கும் மங்காத வாட் சாயமாக இருத்தல் அவசியம். இல்லையேல் பிரயாணியின் வெள்ளை வேட்டியில் வர்ணம் ஏறும். வெட்டுமுன் துணியை நனைத்து, கஞ்சி போகத் துவைத்து உலர்த்திவிட வேண்டும். ஏறி இறங்குவோர் ஆசனத்தின் முன்விளிம்பையே உரசி நைக்கிறார்கள். பாவு நூல் முன்பின்னாக ஓடும்படி வெட்டினால் அவ்விழுப்பை அது தாங்கும்.

சாரல் காலத்தில் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு என் யோசனை வேறு. உறை ரெக்ஸினாகவே இருக்கட்டும். அதன்மேல் நாடா கட்டிய துவாலை உறை ஒன்று போடுங்கள். அரசாங்க அதிகாரிகளின் அம்பாஸடர்களில் வெள்ளைத் துவாலை விரித்திருந்ததை யாவரும் கண்டிருப்போம். அதைப் பகட்டென்று சிரித்தவர்களும் உண்டு. பருத்தித் துவாலை எண்ணெயையும் நீரையும் தானே வாங்கிக்கொள்ளும், கழற்றித் துவைக்கலாம். சாரலில் துணி எளிதில் காயாதாகையால் மூன்று ஜோடி வேண்டும்.

ரெக்ஸினைத் தையற்காரர் சாக்கட்டியால் பின்புறத்தில் குறித்து, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுக. கடையில் அது பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் கிடைக்கும். வாங்குமுன் படிவங்களைத் தரையில் அவ்வகலத்திற்குள் பரப்பிப் பார்த்தால் எத்தனை மீட்டர் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். நீளவாக்கில் வரிவரியாகப் புடைத்திருக்கும் நடுப்பகுதிக்கு, ரெக்ஸினையும் மெல்லிய ஃபோமையும் அடியில் காடாத் துணியையும் சேர்த்து வைத்துக் கோடு கோடாகத் தைக்க வேண்டும். 18-ஆம் எண் ஊசியும் நைலான் நூலும் தேவை. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். அங்குலத்திற்கு ஆறு அல்லது ஏழு தையலுக்கு மேல் வேண்டாம். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று எண்ணுவோர் தபால்தலைத் தாளின் துளைகளை நினைத்துக்கொள்ளட்டும். ரெக்ஸினில் ஊசி இட்ட துளை ஆறாது, அவ்வரியிலேயே கிழியும். இயந்திரத்தின் பாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் சிறிது முகப்பவுடர் தூவுக. தடித்த மடிப்புகளில் மிதியை நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றுவதே நல்லது.

தைத்த உறையை அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். அதனை உள்வெளியாகத் திருப்பி மெத்தையின்மேல் வைத்து, முன்விளிம்பின் நடுவிலிருந்து தொடங்குங்கள். முன்நடு, பின்நடு, இடம், வலம் என்ற முறையில் வளையமிட்டு, மூலைகளைக் கடைசியாக இழுக்க வேண்டும். மூலையில் தொடங்குவோருக்கு நடுவே சுருக்கம் விழுந்தே தீரும். ரப்பர் பசை பயன்படுத்துவதாயின் திறந்த வெளியில் செய்யுங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

ஆசனத்தைத் திரும்பப் பொருத்துவதில் விளையாட்டுத்தனம் உதவாது. போல்ட்டுகள் அனைத்தும் முழுமையாக முடுக்கப்பட வேண்டும். துருவேறிய போல்ட்டுக்குப் பதிலாக அதே தரத்துப் புது போல்ட் இடுக. ஓட்டுநர் ஆசனத்தின் தாழ்ப்பாள் ஒவ்வொரு பல்லிலும் விழுகிறதா என்று அமர்ந்து, பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையின் வளைவில் ஆசனம் திடீரெனப் பின்னால் நழுவினால் ஓட்டுநரின் கால் பிரேக்கை எட்டாது. பாதுகாப்புப் பட்டை உள்ள வண்டியானால் அதன் பிணைப்புகளை அசைக்காதீர்கள். புது உறை பட்டையின் கொக்கியை மூடிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கெட்டித்தாள் படிவங்களைச் சுருட்டி, மிஞ்சிய ரெக்ஸின் துண்டு ஒன்றும் நூல் கண்டும் சேர்த்து, பரண்மேல் வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் ஓட்டுநர் பக்கத்து விளிம்பு முதலில் நையும். அப்போது அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும்.