பட்டாணி அளவு எஜமானியும் ராத்திரி ஷிப்டும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜர் அவதரித்த தலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட காலம் உண்டு. இப்போது சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று எங்கு திரும்பினாலும் தொழிற்சாலை. ராத்திரி வேளையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். ஊர் உறங்கப் போகிற நேரத்தில், பஸ் பஸ்ஸாக இளம் பெண்கள் வேலைக்குப் போவார்கள்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மாலை 7 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் பெண்களை ஆலையில் வேலை வாங்குவதைப் பொதுவாகத் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தக்க பாதுகாப்பு வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தத் தடையை நீக்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியே திறந்தாயிற்று. சட்டம் சம்மதித்துவிட்டது, சரி. உடம்பு சம்மதிக்கிறதா?

அதைப் பிட்யூட்டரி என்னும் சுரப்பியிடம்தான் கேட்க வேண்டும். மூளைக்கு அடியில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பட்டாணி அளவு, எடை அரை கிராம் சுமார். இது மூக்குச் சளியை உண்டாக்குகிறது என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நினைத்தார்களாம்! 'கபச் சுரப்பி' என்று நாமும் பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் இது வீட்டு எஜமானி. தைராய்டு, அட்ரீனல், சூல்பை எல்லாம் இதன் ஏவலுக்குக் காத்திருப்பவை. உடல் வளர்ச்சியும் தாய்ப்பாலும் இதன் பொறுப்பே. ரசத்தை ருசி பார்த்து உப்புப் போடும் சமையற்காரியைப் போல, ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் கூடுதலாக ஏவும். மிகுந்தால் கையைக் கட்டிக்கொள்ளும்.

எஜமானிக்கும் மேலே ஒரு மாமியார் உண்டு: ஹைப்போதலாமஸ். அங்கேதான் உடம்பின் கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி. விடியற்காலையில் அது குரல் கொடுக்க, பிட்யூட்டரி அட்ரீனலை எழுப்புகிறது. கார்ட்டிஸால் ஏறுகிறது, நாம் சுறுசுறுப்பாகிறோம். நடுநிசியில் அது அடங்கிக் கிடக்கும். அந்த வேளையில்தான் நம் பெண் கண்ணை விரித்துக்கொண்டு கைப்பேசிக்குத் திருகாணி முடுக்குகிறாள்! காலையில் அவள் படுக்கும்போது கார்ட்டிஸால் உச்சத்தில் இருக்கிறது. தூக்கம் எப்படி வரும்? வளர்ச்சி ஹார்மோன் மட்டும் கொஞ்சம் அனுசரணையானது. எப்போது அயர்ந்து தூங்கினாலும் அப்போது சுரக்கும்.

மாதவிலக்கு விஷயம் இன்னும் நுட்பம். சூல்பைக்கான உத்தரவு மேலிருந்து விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். ஓயாமல் கூப்பிட்டால் பிட்யூட்டரி காது கேளாததுபோல் இருந்துவிடும். குரங்குகளிடம் சோதித்து 1978-இல் இதைக் கண்டார்கள். இந்தத் தாளத்தைத் தூக்கக் குறைவும் கவலையும் அரைப்பட்டினியும் குலைக்கக்கூடும். ஷிப்டு மாறி மாறிப் பார்க்கும் பெண்களிடம் மாதவிலக்கு ஒழுங்கு தவறுவது அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்காக எல்லாப் பழியையும் ஷிப்டின் மேல் போட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, பிள்ளை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தாலோ, ஓயாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ டாக்டரிடம் போகவேண்டும். பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கலாம். பெரும்பாலும் அது புற்று அல்ல. பால் சுரக்க வைக்கும் வகைக்கு மாத்திரையே பல சமயம் போதும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து.

ஷிப்டை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை, மாலை, ராத்திரி என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். பின்னோக்கி மாற்றினால் திணறும். ஒரே ஷிப்டுக்காரிகளை ஒரே அறையில் வைத்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டால் பாதித் தொல்லை தீரும். ஊரிலிருக்கும் தாய்மார்களே, "சாப்பிட்டாயா?" என்று பகல் பதினோரு மணிக்குப் போன் செய்யாதீர்கள். ராத்திரி ஷிப்டுக்காரிக்கு அது நடுநிசி. நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.