முதல் பாதி மாஸ்... மறுபாதி லாஸ்!

ஒரு சின்னக் கேள்வி. தினமும் டெஸ்ட். டாப் மார்க் எடுக்கறவங்களுக்கு ஸ்பெஷல் கவனிப்பு. சுத்தி வேலி. வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, வெள்ளை யூனிஃபார்ம், பாசமா பார்த்துக்க ஒரு அம்மா. பன்னிரண்டைத் தொட்டுட்டா அதுக்கு மேல யாரும் அங்கே இருக்க முடியாது. இது எந்த இடம்?

'எங்க ப்ளஸ் டூ ஹாஸ்டல்'னு தானே சொல்ல வந்தீங்க? அதான் இல்லை! அங்கே பன்னிரண்டுங்கறது வகுப்பு இல்ல, வயசு. இடத்தோட பேரு கிரேஸ் ஃபீல்ட் ஹவுஸ். 'தி பிராமிஸ்டு நெவர்லேண்ட்'ங்கற ஜப்பான் அனிமே தொடர்ல வர்ற அநாதை ஆசிரமம். 2019 ஜனவரியில் முதல் சீஸன் வந்தப்போ, அனிமேன்னாலே 'பொம்மைப் படம்'னு உதட்டைப் பிதுக்கினவங்களைக்கூட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார வெச்ச தொடர். 2021 மார்ச்சில் ரெண்டாவது சீஸன் முடிஞ்சப்போ, அதே ஆளுங்களைத் தலையில துண்டு போட வெச்சதும் இதே தொடர்தான். (முழுக் கதையையும் உடைக்கப்போறேன். இன்னும் பார்க்காதவங்க, பார்த்துட்டு வந்து படிங்க. கோவிச்சுக்க மாட்டேன்!)

கதை இதுதான். எம்மா, நார்மன், ரே... மூணு பேருக்கும் பதினோரு வயசு. மூணு பேரும் படிப்புல புலி. ஒரு நாள் கோனிங்கற குட்டிப் பொண்ணைத் தத்து கொடுக்கறதா சொல்லி அனுப்பி வைக்கறாங்க. அவ மறந்து விட்டுட்டுப் போன முயல் பொம்மையைக் கொடுக்க, எம்மாவும் நார்மனும் போகக்கூடாத கேட் வரைக்கும் ஓடறாங்க. அங்கே வண்டிக்குள்ள கோனி பிணமா கிடக்கா. சுத்தி நிக்கறது மனுஷங்க இல்ல, அரக்கர்கள். அப்பதான் புரியுது... இது ஆசிரமம் இல்ல, பண்ணை. பிள்ளைங்க எல்லாரும் கறிக்கு வளர்க்கப்படறாங்க! அந்த டெய்லி டெஸ்ட் எதுக்கு? அரக்கர்களுக்கு ரொம்பப் பிடிச்ச அயிட்டம் மூளை. நல்லா படிக்கறவன் மூளை நல்ல ருசி. அதனாலதான் டாப்பர்களை மட்டும் பன்னிரண்டு வயசு வரைக்கும் விட்டு வெச்சிருக்காங்க.

மார்க் ஷீட்டை வெச்சே நம்மளை எடைபோடற ஊர்ல பொறந்த நமக்கு, இந்த இடத்துல வயித்தைக் கலக்குமா, கலக்காதா?

அப்புறம் நடக்கறது 12 எபிசோடு சதுரங்கம். துப்பாக்கிச் சண்டை கிடையாது, பறந்து பறந்து அடிக்கறது கிடையாது. ஒரு பக்கம் மூணு பசங்க, எதிர்ப்பக்கம் பிள்ளைங்க 'மாமா'ன்னு கூப்பிடற இஸபெல்லா (நம்ம ஊர் மாமா இல்லீங்க, அவங்க ஊர்ல 'அம்மா'ன்னு அர்த்தம்!). அவ சிரிக்கறது அன்புல சிரிக்கறாளா, கண்டுபிடிச்சுட்டுச் சிரிக்கறாளான்னே தெரியாது. வராண்டாவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டா நமக்கு வேர்க்கும். கடைசியில எம்மா தன் காதையே அறுத்து, உள்ளே வெச்சிருந்த கண்காணிப்புக் கருவியைத் தூக்கிப் போட்டுட்டு, பதினஞ்சு பேரா பள்ளத்தாக்கைத் தாண்டித் தப்பிக்கறாங்க. நாலு வயசும் அதுக்குக் கீழேயும் இருக்கற வாண்டுகளை மட்டும், 'திரும்பி வர்றோம்'னு வாக்குக் கொடுத்து விட்டுட்டுப் போறாங்க. அந்த வாக்கு நம்ம நெஞ்சுலயும் உட்கார்ந்துடுச்சு. ரெண்டு வருஷம் காத்திருந்தோம். 2020 அக்டோபர்ல வரவேண்டியது, கொரோனாவால 2021 ஜனவரிக்குத் தள்ளிப் போச்சு. பரவாயில்லைன்னு பொறுத்துக்கிட்டோம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. இதோட மூலம், 'ஷோனென் ஜம்ப்' வார இதழ்ல 2016 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரைக்கும் வந்த மங்கா, அதாவது சித்திரத் தொடர்கதை. எழுதினவர் கையு ஷிராய், வரைஞ்சவர் போசுகா டெமிசு. மொத்தம் 181 அத்தியாயம். முதல் சீஸன் 12 எபிசோடுல எடுத்துக்கிட்டது முதல் 37 அத்தியாயம். மீதி 144 அத்தியாயத்தை ரெண்டாவது சீஸன் எத்தனை எபிசோடுல முடிச்சுது தெரியுமா? பதினொண்ணு!

எபிசோடுக்கு மூணு அத்தியாயம்னு பொறுமையா நடந்த கதை, திடீர்னு எபிசோடுக்குப் பதிமூணுன்னு ஓடினா மூச்சு வாங்காம என்ன செய்யும்? ஓட முடியாததை எல்லாம் வெட்டி வீசிட்டாங்க. அரக்கப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்காகப் பிள்ளைங்களை வேட்டையாடற 'கோல்டி பாண்ட்' பகுதி... மங்கா படிச்சவங்க அத்தனை பேரும் 'அதைத் திரையில பார்க்கணும்'னு தவம் கிடந்த பகுதி... முழுசா காலி. பூமிக்கு அடியில ஒரு பதுங்கு அறையில 13 வருஷம் தனியா வாழ்ந்து பாதிப் பைத்தியமாகிப் போன யூகோங்கற மனுஷன்... அந்தப் பாத்திரமே கிடையாது. பசங்க வந்து கதவைத் திறந்தா அறை காலியா இருக்கு. செத்துட்டான்னு நாம நம்பின நார்மன் பாதியில வந்து 'ஹலோ' சொல்றான். அரக்கர் இனத்தையே அழிக்கணும்னு நிக்கறவன், சட்டுனு மனசு மாறிடறான்.

கடைசி எபிசோடுதான் கொடுமையோட உச்சம். மத்தவங்களை மனுஷ உலகத்துக்கு அனுப்பிட்டு எம்மா அங்கேயே தங்கிடறா. அவ அதுக்கப்புறம் என்னென்ன செஞ்சா, யார்கிட்ட என்ன பேசினா, அந்த உலகத்தையே எப்படி மாத்தினா... எல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி, பின்னணியில பாட்டு ஓட, வரிசையா படமா வந்துட்டுப் போகுது. அவ்ளோதான். சுபம்!

மந்தாரக்குப்பம், நெய்வேலி பக்கத்துப் பசங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்லதான். நடுவுல நாலு வருஷத்துக்கு மேல வெறும் மண்ணை அள்ளிக் கொட்டினாங்க. போதாக்குறைக்கு அடியிலிருந்து முட்டிக்கிட்டு வர்ற தண்ணியை வேற இறைச்சுக்கிட்டே இருக்கணும். 'மண்ணு எதுக்குங்க, நேரா கரிக்குப் போயிடலாம்'னு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்க? நெவர்லேண்ட் ரெண்டாவது சீஸன்காரங்க சொன்னது அதைத்தான்.

இன்னும் ஒண்ணு வெட்டினாங்க. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மங்காவில் எம்மா எல்லாரையும் விடுவிக்கறதுக்கு ஒரு விலை கொடுக்கறா. தன் குடும்பத்தைப் பத்தின நினைவு மொத்தமும் போயிடும். யாருக்காக ஓடினாளோ, அவங்க முன்னாடி வந்து நின்னு அழும்போது இவளுக்கு அவங்களை அடையாளம் தெரியாது. அனிமேல அந்த விலையே இல்லை. சிரிச்சுக்கிட்டே வந்து சேர்ந்துடறா. ஓசியில கிடைச்ச சுபம் எப்படிங்க இனிக்கும்?

அவசர முடிவு நமக்கொண்ணும் புதுசில்லை. 'கல்கி' வார இதழ்ல மூணரை வருஷம் ஓடின 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிஞ்சப்போ, 'இப்படி டக்குனு முடிச்சுட்டீங்களே'ன்னு வாசகர்கள் குறைப்பட்டாங்க. கல்கி சும்மா இருக்கலை. முடிவுரை எழுதி, ஒவ்வொரு பாத்திரமும் பிறகு என்ன ஆச்சுன்னு வாசகர்களுக்குப் பொறுமையா பதில் சொன்னார். ஆனா அவர் நடுவுல இருந்த எதையும் களவு கொடுக்கலை. அஞ்சு பாகமும் அப்படியே நம்ம கையில இருக்கு.

'மூலக்கதை முடியாதப்போ அனிமேக்காரங்க என்னதான் பண்ணுவாங்க பாவம்'னு சிலர் வக்காலத்து வாங்குவாங்க. 2003-ல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'டுக்கு அந்த நியாயம் இருந்தது. மங்கா அப்போ பாதியிலதான் இருந்தது. சொந்தமா ஒரு முடிவு வெச்சாங்க. அப்புறம் 2009-ல் மறுபடி முதல்ல இருந்து, மூலக்கதைப்படியே 64 எபிசோடு எடுத்தாங்க. நெவர்லேண்டுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ரெண்டாவது சீஸன் திரைக்கு வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே மங்கா முடிஞ்சு போச்சு. ஒருவேளை அதுதான் வினையோ என்னவோ! மங்கா ஓடிக்கிட்டு இருந்தா, அதை விக்கறதுக்காகவாவது அனிமேயை ஒழுங்கா எடுப்பாங்க. முடிஞ்ச தொடருக்கு யார் மெனக்கெடுவாங்கங்கறது என் சந்தேகம்.

ஒரு கார்ட்டூனுக்கு ஏன் இவ்ளோ புலம்பல்னு கேப்பீங்க. டவுன்ஷிப்லயோ மந்தாரக்குப்பத்துலயோ பொறந்து வளர்ந்து, ப்ளஸ் டூ முடிச்சு, ஒரு பெட்டியோட சென்னை பஸ் ஏறுற நாள் இருக்கே... அது உங்க முதல் சீஸனோட கடைசி எபிசோடு. வேலியைத் தாண்டியாச்சு, விசில் பறக்கும். அதுக்கப்புறம்? இங்கிலீஷ்ல திணறல், செகண்ட் செமஸ்டர் அரியர், மேன்ஷன்ல மூணு பேரோட ஒரு ஃபேன், ஊர்ல விட்டுட்டு வந்த தம்பிக்கு 'உன்னையும் படிக்க வைக்கறேன்'னு கொடுத்த வாக்கு. தப்பிக்கறதைக் காட்ட ஆயிரம் கதை இருக்கு. தப்பிச்ச பிறகு எப்படி வாழறதுன்னு காட்டற கதை ரொம்பக் கம்மி. நெவர்லேண்ட் மங்கா அந்தக் கம்மியில ஒண்ணு. அனிமே அந்த இடத்தைத்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்ணிடுச்சு.

அதனால இன்னும் பார்க்காத ஆளா இருந்தா இப்படிச் செய்யுங்க. முதல் சீஸன் 12 எபிசோடையும் ரெண்டு நாள்ல பாருங்க. தாராளமா தூக்கத்தைத் தொலைக்கலாம். பதினொண்ணுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல மட்டும் கேப் விடாதீங்க. முடிஞ்சதும் 'அடுத்த சீஸன்'னு வர்ற பட்டனைத் தொடாம ஆஃப் பண்ணிட்டு, மங்காவுல 38-வது அத்தியாயத்தைத் திறங்க. மொத்தம் 20 புத்தகம், இங்கிலீஷ்லயும் இருக்கு. செட்டா வாங்கினா பர்ஸ் பழுத்துடும். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஆளுக்கு அஞ்சா வாங்கி மாத்திக்கலாம். யூகோ வர்றப்போ ஆரம்பத்துல அவரைப் பிடிக்காது, கடுப்பேத்துவார். கொஞ்சம் பொறுங்க!