அழுதாள், பயந்தாள்... ஆனாலும் ஜோன்!

ஜோன் ஆஃப் ஆர்க் என்றதும் கவசம், குதிரை, கையில் கொடி எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால், அவள் அழுத கதையும் பயந்த கதையும் பலருக்குத் தெரியாது.

பிரான்சில் தோம்ரெமி என்ற கிராமத்து விவசாயியின் மகள் ஜோன். எழுதப் படிக்கத் தெரியாது. நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலேயர், அவர்களின் கூட்டாளிகளான பர்கண்டியர் பிடியில் இருந்த காலம். புனிதர்களின் குரல் தன்னை அழைப்பதாகச் சொல்லி, 1429-ல் படையோடு ஆர்லியன்ஸ் நகரை மீட்கப் போனாள். வயது 17 இருக்கும். நம் வீட்டு பிளஸ் டூ பிள்ளையின் வயது!

மே 7 அன்று கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு பாய்ந்தது. பயந்துபோய் அழுதாள் என்று உடனிருந்த பாதிரியாரே பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார். காயத்துக்கு மந்திரம் போட வந்தவர்களைத் தடுத்துவிட்டு, எண்ணெயும் கொழுப்பும் தடவச் சொன்னாள். அன்று மாலையே களத்துக்குத் திரும்பினாள். மறுநாள் ஆங்கிலேயப் படை முற்றுகையை விட்டு விலகியது.

மறு ஆண்டு பர்கண்டியரிடம் சிக்கினாள். அவர்கள் அவளை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ரூவான் நகரில் ஆயர் கொஷோன் தலைமையில் விசாரணை. ஜோனுக்கு வழக்கறிஞர் கிடையாது, காலில் விலங்கு. 'நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?' என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். 'இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும்; இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும்' என்றாள். படித்த பெரியவர்கள் திகைத்துப்போனார்கள்.

அப்படிப்பட்டவள்தான் 1431 மே 24 அன்று உடைந்துபோனாள். எரித்துவிடுவோம் என்றதும், குரல்கள் கேட்டதை மறுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மரண தண்டனை ஆயுள் சிறையாக மாறியது.

என் பார்வையில் அவளுடைய பெரிய போர் இதற்குப் பிறகுதான். நான்கே நாளில், சிறைக்கு வந்த நீதிபதிகளிடம், நெருப்புக்குப் பயந்துதான் மறுத்ததாகச் சொன்னாள். குரல்கள் உண்மை என்றாள். விளைவு என்னவென்று அவளுக்குத் தெரியும். எழுத்தர் பதிவேட்டின் ஓரத்தில் லத்தீனில் குறித்து வைத்தார்: 'உயிரைக் கொல்லும் பதில்'.

மே 30 அன்று சந்தைத் திடலில் எரித்தார்கள். தன் கண்ணெதிரே சிலுவையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். வயது 19.

கத்தோலிக்கத் திருச்சபை 1920-ல் அவளைப் புனிதராக அறிவித்தது. அதற்கு வெகுமுன்பே ஒருவர் நீதி கேட்டுப் புறப்பட்டிருந்தார். ஜோனின் அம்மா இசபெல். முதுமையில், 1455-ல் பாரிஸின் நாத்ர்தாம் பேராலயத்துக்கு வந்து, மகளின் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி முறையிட்டார். 1456-ல் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதைக் கேட்க அம்மா உயிரோடு இருந்தார்.