கயிறு பிடிக்கும் கைக்கு ஒரு துணை

செங்குத்தான பாறைமுகத்தில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கையில், சுற்றி நிற்பவர்களின் கண்கள் அனைத்தும் அவர்மீதே நிலைத்திருப்பது இயற்கை. ஆயினும், அந்த நேரத்தில் அவருடைய பிராணன் யார் வசத்தில் இருக்கிறது என்று விசாரித்தால், கீழே தரையில் நின்று, அவர் ஏற ஏறக் கயிற்றை விட்டுக் கொடுத்தும், மிகுந்த தொய்வைத் திரும்ப வாங்கிக்கொண்டும், கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மற்றொருவரின் கையில்தான் என்பது தெரியவரும். ஏறுவோர் பிலே என்று அழைக்கும் இந்தக் காவற்பணிக்குக் கைதட்டல் கிடையாது. அதைச் சிரத்தையுடன் செய்தவர்களின் பெயர்களைச் சிகரங்களின் சரித்திரம் குறித்து வைத்திருப்பதும் அபூர்வம். அந்தக் கைக்குத் துணையாக 1991-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த கிரிகிரி என்ற சிறு யந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது, உயிரைக் கயிற்றில் ஒப்படைக்கும் எவருக்கும் அவசியமென்று கருதுகிறேன்.

விழுதல் என்பது எவ்வளவு சீக்கிரத்தில் நடந்து முடிகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். பாறையில் பதித்த போல்ட் ஒன்றில் கயிற்றை மாட்டிவிட்டு அதற்குமேல் இரண்டு மீட்டர் ஏறியவர் பிடி நழுவினால், போல்ட் வரை இரண்டு மீட்டரும், அதைத் தாண்டி இரண்டு மீட்டருமாக நான்கு மீட்டர் விழுந்த பிறகே கயிறு இறுகத் தொடங்கும். கீழே உள்ளவர் விட்டுவைத்த தொய்வும், கயிற்றின் நீட்சியும் இதற்கு மேற்பட்டவை. ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும் இந்தச் சம்பவத்தின்போது, கீழே இருப்பவரைக் குளவி கொட்டியிருக்கலாம். மேலிருந்து உதிர்ந்த கல் அவர் கையிலேயே பட்டிருக்கலாம். அல்லது மனிதருக்குரிய சாதாரண அயர்ச்சியால் அந்த ஒரு க்ஷணம் அவர் கண்கள் வேறெங்கோ சென்றிருக்கலாம்.

பழைய நாட்களில் கயிறு பிடித்தவர் அதைத் தம் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, உடுப்பின் உராய்வையும் உள்ளங்கையின் பலத்தையுமே நம்பி நின்றார். சணற்கயிறு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால், முன்னால் ஏறுபவர் விழவே கூடாது என்பதுதான் அக்காலத்து விதி. 1930-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்துப் பாறைகளில் ரிச்சர்ட் லியனார்டும் அவருடைய நண்பர்களும் வேண்டுமென்றே விழுந்து விழுந்து பரீட்சித்து, கயிற்றைச் சிறிது ஓடவிட்டுப் பிடித்தால் அதிர்ச்சி குறைகிறது என்று கண்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் நைலான் கயிறு வந்தது; 1970-ஐ ஒட்டி, ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்டிக்ட் துளையிட்ட ஓர் உலோகத் தகட்டை அறிமுகப்படுத்தினார். அதன் வழித்தோன்றல்களான குழாய் வடிவக் கருவிகள் இன்றும் எங்கும் பயன்படுகின்றன. இவை யாவும் உராய்வைப் பன்மடங்காக்கிக் கைக்குச் சுமையைக் குறைத்தன. ஆனால் கை கயிற்றை விட்டுவிட்டால் இவற்றில் ஒன்றும் உதவாது.

கிரெனோபிளுக்கு அருகே குரோல் என்னும் ஊரிலுள்ள பெட்ஸ்ல் நிறுவனம்தான் கிரிகிரியைச் செய்தது. அதை நிறுவிய பெர்னான் பெட்ஸ்ல், பூமிக்கடியில் உள்ள குகைகளை ஆராய்வதில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். இருட்டில், ஈரக் கயிற்றில் தொங்கி இறங்குவோருக்காகக் கருவி செய்து பழகிய ஒரு பட்டறையிலிருந்து, களைத்துப்போன கையை உத்தேசித்து அமைக்கப்பட்ட இந்தச் சாதனம் வெளிவந்தது தகுதியானதே.

அதைக் கையில் வைத்துத் திறந்து பார்த்தால் சூக்ஷ்மம் எளிதில் விளங்கும். 2019-ல் வந்த வடிவத்தின் எடை 175 கிராம்தான். பக்கத் தகட்டை விலக்கினால், உள்ளே ஓர் அச்சில் சுழலக்கூடிய, கேம் எனப்படும் வளைந்த உலோகத் துண்டு இருக்கிறது. ஏறுபவரிடமிருந்து வரும் கயிறு அதைச் சுற்றிக்கொண்டு கீழே நிற்பவரின் கைக்குச் செல்கிறது. கயிறு நிதானமாக ஓடும்வரை ஒரு வில் அந்தக் கேமைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும். திடீரென்று பாரம் விழுந்தால், கயிற்றின் இழுப்பே கேமைத் திருப்பி, கயிற்றைத் தகட்டோடு நசுக்கிப் பிடித்துவிடும். மோட்டார் காரின் இருக்கைப் பட்டை மெல்ல இழுத்தால் வருவதும், வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடுவதும் போன்றதே இது. ஏறியவரைக் கீழே இறக்க, மடங்கியிருக்கும் கைப்பிடியைத் திறந்து இழுக்கவேண்டும். அப்போதும் வேகத்தை ஆள்வது, கயிற்றின் மறுபுறத்தைப் பற்றியிருக்கும் கைதான்.

இத்தனை யுக்தியோடு அமைந்த கருவியையும் மனிதன் தோற்கடிக்க முடியும். ஏறுபவர் அவசரமாகக் கயிறு கேட்கும்போது, கேம் திரும்பிப் பூட்டிக்கொள்வதைத் தவிர்க்க, அனுபவமற்றவர் கருவி முழுவதையும் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கிறார். அந்த நொடியில் மேலே உள்ளவர் விழுந்தால், பயத்தில் கை இன்னும் இறுகுமேயன்றித் தளராது, பூட்டும் விழாது. கருவியின் ஓரத்தைச் சுட்டுவிரலால் தாங்கி, கட்டைவிரலால் கேமை ஒரு கணம் மட்டும் அழுத்தி, மற்ற விரல்கள் கயிற்றை விடாமல் பற்றியிருக்க, கயிறு கொடுக்கும் முறையைக் கருவியைச் செய்தவர்களே கற்பிக்கிறார்கள். அதைச் சிரமப்பட்டுப் பழகத்தான் வேண்டும். இறக்கும்போது வேகம் மிஞ்சிவிட்டால் கைப்பிடியை விட்டுவிடுவதற்குப் பதிலாக மேலும் பலமாக இழுப்பது இன்னொரு ஸ்வபாவம். இதற்காகவே 2017-ல் வந்த கிரிகிரி பிளஸ்ஸில், அளவுக்கு மீறி இழுத்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. கயிற்றைத் தலைகீழாக மாட்டுவதோ எல்லாவற்றிலும் கொடியது. ஏறுபவரின் உருவமும் கையின் உருவமும் கருவிமீதே பொறிக்கப்பட்டிருந்தும், பேச்சு மும்முரத்தில் அது நேர்ந்துவிடுகிறது.

யந்திரம் எட்டாத இடங்களும் உண்டு. 1989-ல் பிரான்ஸின் பியூ பாறைகளில், உலகப் புகழ்பெற்ற பாறையேற்ற வீராங்கனை லின் ஹில், இடுப்புப் பட்டையில் கயிற்றை நுழைத்துவிட்டு, முடிச்சை முடிக்குமுன் கவனம் சிதறி, அப்படியே உச்சிவரை ஏறிச் சாய்ந்தார். இருபது மீட்டருக்கு மேல் விழுந்தும், மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். கீழே எந்தக் கருவி இருந்திருந்தாலும் அது அன்று சும்மாதான் இருந்திருக்கும். கயிற்றின் நீளம் போதாமல், இறக்கும்போது அதன் நுனி கருவி வழியே நழுவி வெளியேறுவதும் அப்படிப்பட்டதே. நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தால் தீர்ந்துபோகும் விபத்து அது. பூட்டிய கருவியில் கயிறு சிறிதும் ஓடாதாகையால், விழுந்தவர் பாறையில் வேகமாக மோதாமல் இருக்க, கயிறு இறுகும் தருணத்தில் கீழே உள்ளவர் ஓர் எட்டு மேலே துள்ளிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த நயம் உடம்பில் ஊறித்தான் வரும்.

அசையும் உறுப்பே இன்றி, கருவியை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் காரபினர் என்ற வளையம் நகர்ந்து கயிற்றை நெருக்கும்படி அமைந்த மாமுட் ஸ்மார்ட் போன்ற கருவிகளும் பின்னர் வந்திருக்கின்றன, விலையும் குறைவு.

இத்தகைய துணைகள் மனிதனைச் சோம்பேறியாக்கிவிடும், ஆகையால் புதிதாகக் கற்பவர் வெறும் குழாய்க் கருவியில்தான் தொடங்கவேண்டும் என்று சில பெரியவர்கள் வாதிப்பதுண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். வாதத்தை ஏற்க என்னால் இயலவில்லை. கல் விழுந்து மயங்கியவரின் கைக்கு எந்த ஒழுக்கமும் உதவாது. தவறு செய்ய அதிக வாய்ப்புள்ள முதல் நாளிலேயே துணையை மறுப்பது, கற்பவரின் தோழனுடைய உயிரைப் பணயம் வைத்துப் பாடம் நடத்துவதாகும். ஜெர்மனியின் ஆல்ப்ஸ் கழகமும் செயற்கைச் சுவர்க் கூடங்களில் இவ்வகைக் கருவிகளையே சிபாரிசு செய்கிறது. ஆனால் ஆசிரியர் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. எவரும் தரையை விட்டுக் கிளம்புமுன், மாணவரைக் கொண்டே கயிற்றை வேண்டுமென்று தலைகீழாக மாட்டச்செய்து, வெடுக்கென்று இழுத்து, அது பூட்டாமல் ஓடுவதைப் பிரத்யக்ஷமாகக் காட்டவேண்டும். பிறகு சரியாக மாட்டச்செய்து, மறுபடி இழுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். அந்த இழுப்பை, எதிரே நிற்பவரின் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பதோடு சேர்த்து, ஒவ்வொரு ஏற்றத்திற்கு முன்பும் செய்விக்கவேண்டும்.